புது லேப்டாப்பின் பாஸ்வேர்டு

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சூடாக்கிக்கொள்ளுங்கள். நான் வர சாயங்காலம் ஆகும்.

போன வாரம் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துத் துடைத்தீர்களே! "ஸ்லோவா இருந்துச்சு, புதுசா ஓ.எஸ். போட்டுட்டேன்" என்று பல்லைக் காட்டினீர்கள். எட்டு வருடமாக நான் தைத்துக்கொடுத்த அத்தனை பேரின் அளவும் போயிற்று. "திரும்ப அளவெடுத்தா போச்சு" என்றீர்கள். அதைத்தான் வீடு வீடாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

இன்று நீங்கள் வாக்கிங் போய் வருவதற்குள், நீங்கள் அன்று ஓ.எஸ். போட்ட அதே பென்டிரைவைச் சொருகி உங்கள் புது லேப்டாப்பைத் துடைத்துவிட்டேன். வேகமான எஸ்.எஸ்.டி. டிஸ்க் ஆயிற்றே! நீங்கள் பீற்றிக்கொண்டது போலவே பதினைந்து நிமிடத்தில் புது ஓ.எஸ். ஏறிவிட்டது.

அலற வேண்டாம். உங்கள் ஃபைல்களை முதலில் வேறொரு பென்டிரைவில் காப்பி எடுத்து, தையல் மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். எனக்கு நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

நேற்று உங்கள் அக்காவுக்கு அளவெடுத்தேன். "மறுபடி எதுக்கு? நான் குண்டாயிட்டேன்னு சொல்ல வர்றியா?" என்று எகிறினார். "காரணத்தை உங்க தம்பியே சொல்வார்" என்று உங்களைக் கைகாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பி.கு.: பாஸ்வேர்டு, அக்காவின் புது இடுப்பளவு. நீங்களே போன் போட்டுக் கேளுங்கள்.