ஒன்பதாம் மாடியில் இருவர்

2025 ஒக்டோபர் 7, செவ்வாய்

மழை. மருந்துக்கடையில் அரை நாள் லீவு எடுத்தேன். கட்டடத்தின் வெளிச்சுவரைப் பரிசோதிக்க ஆள் வந்தது. ஐந்து வருடத்துக்கான பழைய தீப்பாதுகாப்புச் சான்றிதழ் இந்த மாதத்தோடு முடிகிறது. நிர்வாகக் குழுவில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டுமாம். ஆறு வருடத்துக்கு முன் கூட்டத்தில் ஒருவரும் கை தூக்கவில்லையே என்று நான் தூக்கினேன். இன்று ஐம்பத்திரண்டு வீட்டுக்கும் சட்டப்படி பொறுப்பு நான்.

பரிசோதகர் கிரேன் கூடையில் ஏறி ஆறாம் மாடி மட்டத்தில் ஒரு பலகையைக் கழற்றினார். உள்ளே மஞ்சள் நுரை. ஒரு துண்டை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எழுத்தில் வரும்” என்றார், கையுறையைப் பார்த்தபடி.

ஒக்டோபர் 14, செவ்வாய்

வந்துவிட்டது. நாற்பத்தொரு பக்கம். சுவருக்குள் இருப்பது எரியக்கூடியது. தீ மேலேறாமல் மறிக்கும் தடுப்பு எங்குமே வைக்கப்படவில்லை. இதுவரை எங்கள் விதி: வேறு வீட்டில் தீ என்றால் உங்கள் வீட்டிலேயே இருங்கள். இனி: மணி அடித்ததும் எல்லோரும் உடனே படியால் வெளியேற வேண்டும். தீயணைப்புப் படைக்கும் குடியிருப்பாளர்களுக்கும் தாமதமின்றி அறிவிக்க வேண்டும்.

பின்னேரம் கதவு தட்டினது ஒன்பதாம் மாடி வைத்தியநாதன் அண்ணை. மனைவி கனகாம்பிகை அக்காவுக்குப் பாரிசவாதம் வந்து இரண்டு வருடம், சக்கர நாற்காலி. ஹரோவில் படி இல்லாத ஒரு வீடு பார்த்து வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டை விற்றால்தான் அது.

“அறிக்கை வந்திட்டுதோ?”

“ஓம் அண்ணை.”

முகத்திலேயே வாசித்துவிட்டார். “வெள்ளிக்கிழமை கையெழுத்து, தங்கச்சி. மூண்டே மூண்டு நாள். பிறகு அனுப்புங்கோ.”

“வாங்கிறது ஆர்?”

“ஒரு இளஞ்சோடி. அந்தப் பிள்ளை ஆறு மாசம்...” நிறுத்தினார். பிறகு மெல்ல, “அது தெரியாமலோ கேக்கிறன்?”

யோசிக்கிறேன் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நம்பிக்கொண்டு போனாரே.

ஒக்டோபர் 15

அனுப்பவில்லை.

ஒக்டோபர் 16, வியாழன்

மருந்துக்கடையில் குளிசை எண்ணும்போது மூன்று தரம் பிழைத்தேன். கூட வேலை செய்யும் மிதுஷா என் கையிலிருந்து தட்டை வாங்கி, “அன்ரி, போய் இருங்கோ” என்றாள். பின்னறையில் இருந்து தொலைபேசியில் திரும்பவும் அறிக்கையைத் திறந்தேன். இந்த மூன்று நாளில் தீ பிடித்தால்? நான் மட்டும் அறிந்திருந்தேன் என்று ஆகுமே. முகம் தெரியாத அந்தப் பிள்ளைத்தாய்ச்சியை நினைத்தேன். கனகாம்பிகை அக்காவை நினைத்தேன். இரண்டு பேரையும் ஒரே நேரத்தில் நினைக்க முடியவில்லை.

12.20. அனுப்பிவிட்டேன்.

ஒக்டோபர் 17, வெள்ளி

அறிக்கையைப் பார்த்ததும் வாங்குபவர்களின் வங்கி கடனுக்குக் கையை விரித்துவிட்டது. இனி இந்தக் கட்டடத்தில் எந்த வீடும் விற்காது. என்னுடையதும்தான்.

லிஃப்டில் என்னைக் கண்டதும் அண்ணை உள்ளே வைத்த காலை எடுத்துவிட்டார். கதவு மூடும்வரை இருவரும் எதிரெதிரே நின்றோம்.

நவம்பர் 20

வீட்டுக்கு வீடு தீ அபாய மணி பொருத்தியாயிற்று. தீயைக் கண்காணிக்க மஞ்சள் அங்கி போட்ட காவலர்கள் இரவு பகலாக மாடிமாடியாக நடக்கிறார்கள். கட்டிய கம்பனியைத் தேடினால் அது கலைக்கப்பட்டு ஒன்பது வருடம். சுவரை மாற்ற அரசாங்க நிதிக்கு விண்ணப்பித்தேன். எண் ஒன்று தந்திருக்கிறார்கள்.

2026 ஜனவரி 12

“பரிசீலனையில்.” போன மாதமும் இதே சொல்.

பெப்ரவரி 8, ஞாயிறு

பூசை முடிந்து வந்து சேலை மாற்ற முன் மணி அடித்தது. மூன்றாம் மாடியில் யாரோ தாச்சியை அடுப்பில் மறந்ததுதான் என்று பிறகு தெரிந்தது. அப்போது தெரியாதே! கார் நிறுத்துமிடத்தில் எல்லோரும் நின்றோம். காவலர் பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார். ஒன்பதாம் மாடி இல்லை.

நான் வாசலை நோக்கி நடந்தேன். காவலர் குறுக்கே கையை நீட்டி, “யாரும் திரும்ப உள்ளே போகக்கூடாது, மேடம்” என்றார். அந்த விதியை எழுதி ஒட்டியதே நான்தான்.

மேலே திரைச்சீலை விலகியது. யன்னலில் கனகாம்பிகை அக்கா. பின்னால், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணை. அவருக்கு நடக்க ஏலும். இறங்கி வந்திருக்கலாம்.

இருபது நிமிடம். நான் கீழேயே நின்றேன். காவலர் மறித்ததால்தானா? அதற்குப் பிறகு நான் ஓரடியும் எடுத்து வைக்கவில்லையே.

ஏப்ரல் 11, சனி

புதுச் சட்டம் இந்த வாரம் தொடங்கியது. தாமாக இறங்க முடியாதவர் ஒவ்வொருவரையும் சந்தித்து, எப்படி வெளியேறுவார் என்று எழுதி வைக்க வேண்டும். படிவத்தோடு போனேன். ஆறு மாதத்துக்குப் பிறகு அண்ணை கதவைத் திறந்தார். வாங்கோ என்று சொல்லவில்லை.

“அக்கா கீழ வர எவ்வளவு நேரம் எடுக்கும்?”

“வரேலாது. எழுதுங்கோ.”

“என்னைப் பற்றி எண்டா என்னட்டக் கேளுங்கோ” என்றார் அக்கா. சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன; குரலில் மட்டும் ஒரு குறையும் இல்லை. “ஒண்டு எழுதும். மணி அடிச்சா இவர் கீழ போகவேணும்.”

“போகமாட்டன்.”

“எழுதும், அஞ்சலீனா.”

“நான் போகமாட்டன் எண்டும் எழுதுங்கோ!”

படிவத்தில் இரண்டுக்கும் இடம் இல்லை. பேனாவைத் திறந்தபடி இருந்தேன். அக்கா என்னையே பார்த்தார். “நீர் அனுப்பினது சரி. எனக்கு விளங்குது. ஆனா உம்மைக் கண்டா எனக்குக் கோவம் வருது. அதுவும் சரிதானே?”

ஓம் என்றேன்.

ஏப்ரல் 13

ஆபத்து வந்தால் அக்காவைப் படிக்கட்டால் இறக்கும் நாற்காலி ஒன்று வாங்கலாமா என்று காப்புறுதிக் கம்பனியைக் கேட்டேன். பயிற்சி பெற்ற இருவர் எப்போதும் கட்டடத்தில் இருந்தால் மட்டும்தானாம். காவலர் கம்பனி மறுத்துவிட்டது. நானும் இன்னொருவரும் பழகினால்? எனக்கு அறுபத்தொன்று, முழங்கால் இரண்டும் போய்விட்டது.

யூன் 23, செவ்வாய்

நிதி அங்கீகரிக்கப்பட்டது. வேலை தொடங்குவது ஆகக்குறைந்தது 2028 இலையுதிர்காலம்.

கனகாம்பிகை அக்கா போன வியாழன் போய்விட்டார், ஹரோவில் ஒரு பராமரிப்பு நிலையத்துக்கு, நிலத்தளத்தில் ஓர் அறை. உள்ளூராட்சிக் கவுன்சில்காரியிடம் தானே கேட்டு வாங்கினாராம். தான் இங்கே இருக்கும்வரை இவர் இறங்கமாட்டார் என்று சொன்னாராம். அண்ணைக்குக் கடைசி வாரம்தான் தெரியும். நாற்பத்துநான்கு வருடம் ஒன்றாக இருந்தவர்கள். வீடு விற்காதபடியால் அவர் இங்கே தனிய. காலையில் சாப்பாட்டுப் பையோடு ஹரோவுக்குப் போகிறார், ஆறு மணிக்குத் திரும்பி வருகிறார்.

இன்று தீயணைப்புப் படைக்கான பட்டியலைத் திருத்தினேன். ஒன்பதாம் மாடி, இலக்கம் 47: ஒருவர். தாமாக இறங்கக்கூடியவர். வெளியேற உதவி தேவைப்படுவோர், முழுக் கட்டடத்திலும்: இல்லை.

அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது. எல்லாம் விதிப்படி இருக்கிறதாம். நன்றியாம்.