முதல் லேடி செக்கருக்கு மாலை

4-8-58, திங்கள்

விடாத தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை. ஈரப் பாவாடையோடு வேலைக்கு. கம்பெனி பஸ் லேட்.

நோட்டீஸ் போர்டைச் சுற்றிக் கூட்டம். எங்கள் டெலிபோன் ஃபாக்டரியிலேயே, சரக்கைச் சோதித்துப் பாஸ் போடும் முதல் லேடி செக்கர், புஷ்பா. நான் இல்லை. புஷ்பா! காயில் சுற்றும் வேலைக்கு வந்த முதல் நாள், செம்புக் கம்பியை மெஷினில் எப்படிக் கோப்பது என்று அவளுக்குக் காட்டியது யார்? வயிறு எரிகிறது. வேறு எப்படிச் சொல்ல.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "புருஷன கோலார் சுரங்கத்துல பறிகுடுத்தவ. பாவம், வுடு" என்றார். பிறகு, "ரசத்துல உப்பு ஜாஸ்தி."

பாவம்தான். அதற்காக என் இடத்தைத் தூக்கிக் கொடுப்பதா?

6-8, புதன்

வாங்க: கிருஷ்ணாயில், நூல்கண்டு, மாமியாருக்குத் தைலம்.

புஷ்பா வெள்ளைக் கோட்டில் வந்தாள். முதல் வேலையாக, நான் சுற்றிய காயில் ட்ரேயைத் திருப்பித் தந்தாள். "அக்கா, கம்பி மேல பூச்சு கீறியிருக்குது. வளையல் பட்டிருக்கும். கழட்டி வெச்சுட்டு சுத்துங்க."

மேஜை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "புருஷன் இருக்கறவ கண்ணாடி வளையலக் கழட்டுவாளா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தன் வெறுங்கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

கேட்டிருக்க வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். கீறல் இருக்கிறது. வளையல் இல்லாத அவள் கை சுற்றினால் கீறல் விழ வழியே இல்லை. ஒரு விதவையின் கையைப் பார்த்துப் பொறாமை! என் புத்தியை என்ன சொல்ல.

8-8, வெள்ளி

கேன்டீனில் பாராட்டுக் கூட்டம். பூந்தி நன்றாக இருந்தது. ஆபீசர் பேச்சு: வாள் பிடித்த ராணி, முதல் லேடி டாக்டர், விமானம் ஓட்டிய பெண், அந்த வரிசையில் நம் புஷ்பா. வாள் பிடித்தவள் எங்கே, என் ட்ரேயைப் பிடித்தவள் எங்கே!

பிறகு மாலை. ஆண்பிள்ளை பெண்ணுக்குப் போடலாமா? ஆபீசர் அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "லேடீஸ் யாராவது வாங்கம்மா, பேக, பேக" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார். யாரும் எழவில்லை. பின் பெஞ்சில் யாரோ, "தாலியறுத்தவளுக்கு மாலையா? நம்ம கையால போடறதா?"

புஷ்பா தரையைப் பார்த்தாள். முதலில் எனக்கு மனசு குளிர்ந்தது. உள்ளதை எழுதுகிறேன். அப்புறம், புதன்கிழமை நான் கேட்டதும் இதேதானே என்று தோன்றியது. எழுந்து போனேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். போட்டோவிலாவது நான் இருக்க வேண்டாமா?

மாலையைப் போட்டேன். வளையல் நாரில் மாட்டிக்கொண்டது. கையை எடுக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து போட்டோக்காரர் அமுக்கினார்.

புஷ்பா நாரை விலக்கிக்கொண்டே என் காதில், "அதான் கழட்டச் சொன்னேன்க்கா." சிரிப்பு வந்து தொலைத்தது. இரண்டு பேருக்கும்.

11-8, திங்கள்

வெயில். அப்பாடா.

பஸ் ஜோகுபாளையம் தாண்டியதும் வளையல்களைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்தேன். பக்கத்து சீட் சரோஜா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாமியாருக்குத் தெரிஞ்சா?" வீடு வருமுன் போட்டுக்கொண்டால் போயிற்று.

ட்ரே அப்படியே பாஸ். "அடுத்த செக்கர் நீங்கதான்க்கா" என்றாள் புஷ்பா. மனதாரத்தான் சொன்னாள்.

ஆவேன். ஆனால் இரண்டாவதாக வருபவளுக்கு யார் மாலை வாங்குவார்கள்?