பதினான்காவது கல்

அனுப்புநர்:
சொக்கம்மாள் (வயது 71),
கணவர் பெயர் சுப்பிரமணி (காலமானார்),
மேட்டுத் தெரு, சாலவாக்கம் வழி,
உத்திரமேரூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காஞ்சிபுரம்.

பொருள்: சாலை விபத்தில் இறந்த என் பேத்தி இந்து மீது எழுதப்பட்ட 'அதிவேகம்' என்ற குற்றத்தை நீக்கவும், ஊருக்கு நெற்களம் அமைக்கவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 6.2.2025 வியாழக்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு எங்கள் ஊர்ப் புதுச் சாலையில் இருந்தவர்கள்: நான், பக்கத்து நிலத்துச் சிட்டம்மாள், டிராக்டரில் மூட்டை ஏற்றிய சாமுவேல், டீக்கடை பஞ்சாட்சரம், ஸ்கூட்டி ஓட்டி வந்த இந்து, வயது பத்தொன்பது, பின்னால் உட்கார்ந்து வந்த அவள் தோழி ஏஞ்சல். நிற்காமல் போன டிப்பர்காரன் முகம் தெரியாது. நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் எனக்கு எதுவும் மறக்காது.

2. சாலையை அகலப்படுத்தியபோது ஊர்க் களம் போய்விட்டது. ஆடி மாதம் மூன்றாம் வெள்ளி அளக்க வந்த நீலச் சட்டை அதிகாரி, என் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, வேறு களம் வரும் என்றார். வரவில்லை. விளக்குக் கம்பம் நட்டார்கள், விளக்கு போடவில்லை. அதனால் நெல்லைச் சாலையிலேயே காயவைக்கிறோம். வண்டி ஏறாமலிருக்க ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்போம். நெல்லை அள்ளியதும் அவரவர் கல்லை அவரவர் எடுக்க வேண்டும்.

3. அன்று காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது இந்து, "ஆயா, பொழுது போறதுக்குள்ள கல்லெல்லாம் எடுத்துடு, இருட்டுல இன்னா கீதுன்னே தெரியமாட்டேங்குது" என்றாள். சரி என்றேன். நான் வைத்தது பதினான்கு. எடுத்தது பதின்மூன்று. கடைசிக் கல் என் நெல்லும் சிட்டம்மாள் நெல்லும் சேரும் இடத்தில், அவள் காலடியில் கிடந்தது. வரப்புச் சண்டையில் பதினொரு வருடமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை. அவளே எடுத்துப் போடட்டும் என்று விட்டேன். தொட்டால் ஏசுவேன் என்று அவளும் தொடவில்லை.

4. எதிரே டிப்பர் வெளிச்சம் அடித்ததும் இந்து ஓரம் ஒதுங்கினாள். சக்கரம் கல்லில் ஏறி விழுந்தாள். சாமுவேல் போன் செய்தும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அவள் தலையை மடியில் வைத்திருந்தது சிட்டம்மாள். அந்த நேரத்தில் நான் கல்லை முந்தானையில் மறைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சிட்டம்மாள் பார்த்தாள். இன்றுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

5. கல்லைக் காணாததால், வேகமாக ஓட்டித் தானே விழுந்ததாகப் போலீசார் எழுதினார்கள். மெதுவாகத்தான் வந்தோம் என்று கை ஒடிந்த ஏஞ்சல் அழுததை யாரும் நம்பவில்லை. பஞ்சாட்சரம் கடையில், "பொட்டப் புள்ளைக்கு அவ்ளோ ஸ்பீடு இன்னாத்துக்கு?" என்கிறார்கள். முப்பத்தொன்பது நாள் அதைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தேன்.

6. அந்தக் கல்லைத் துணியில் கட்டி இந்த மனுவோடு கொண்டுவந்திருக்கிறேன். வழக்கை என் மேல் எழுதி, என் பேத்தி பெயரிலிருந்து அந்த வார்த்தையை அடித்துவிட வேண்டும். அடுத்த அறுவடைக்குள் களமும் விளக்கும் வேண்டும். இந்துவின் தகப்பன், என் மகன் கேசவனுக்கு இதைப் படித்துக் காட்டிவிட்டேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான்.

நீலச் சட்டைக்காரரையும் டிப்பர்காரனையும் ஒரு நாள் விட்டுவிடுவேன் ஐயா. சிட்டம்மாளிடம் நேற்று நானே போய்ப் பேசினேன். மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான். அவள் பெயரைக் கீழே கையெழுத்தாகப் போட்டிருக்கிறேன்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 17.3.2025

சொக்கம்மாள்