பதினோராவது கேசட்

அப்பா,

உங்கள் கடைசிக் கேசட்டின் நாடா என் மடியில் சுருண்டு கிடக்கிறது. மெஷின் மென்று துப்பியது. இனி ஓடாது. அம்மா புரண்டு படுத்தாள். டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். விடிந்தால் உங்களுக்கு வருஷத் திதி. நாளைக்கு இதைக் கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

பட்டாளத்திலிருந்து நீங்கள் பேசி அனுப்புவீர்கள். நாங்கள் பதில் பேசி அனுப்புவோம். அம்மா "நல்லாருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் ஓடிவிடுவாள். அடுத்த கேசட்டில் நீங்கள், "ஏட்டி, உங்கம்மா பேசுனது அம்புட்டுதானா? சம்பளம் குடுத்தாத்தான் பேசுவாளோ?" என்பீர்கள். "இவியளுக்கு வேற வேலயில்ல" என்று அம்மா சிரிப்பாள்.

பதினோராவது கேசட், மலைப்பாதையில் உங்கள் லாரி கவிழ்ந்த பிறகுதான் தபாலில் வந்தது. அம்மா அதைத் தொடவே இல்லை.

போன வாரம் பதினொன்றையும் ராஜபாளையத்தில் நான் படிக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்குத் தூக்கிப் போனேன். டேப் ரெக்கார்டரை ஒயரால் கம்ப்யூட்டரோடு மாட்டி, ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பதிந்தேன். கடைசிக் கேசட், பதிந்து முடித்துத் திரும்பச் சுற்றும்போது சிக்கியது. போகட்டும், கம்ப்யூட்டருக்குள் ஏறிவிட்டதே என்றிருந்தேன்.

கோப்புகள் பூதம் பூதமாக இருந்தன. எம்.பி.3 ஆகச் சுருக்க கட்டளைகளை வரிசையாக அடுக்கி நானே ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன். ஒன்றைச் சுருக்கு, பெரியதை அழி, அடுத்ததற்குப் போ.

"டிஸ்க்குல எடம் இருக்கான்னு பாத்தியாட்டி?" என்று சென்டர் அக்கா கேட்டாள்.

"பாத்துட்டேன்க்கா."

பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

சுருக்கும் வரிசையில் உங்கள் கடைசிக் கேசட்டைத்தான் முதலில் வைத்திருந்தேன். டிஸ்க்கில் துளி இடமில்லை. சுருக்கிய கோப்பு வெறும் பூஜ்ஜியம். நான் எழுதிய அடுத்த வரி அதைப் பார்க்காமலே பெரியதை அழித்தது. அது காலி செய்த இடத்தில் மற்ற பத்தும் சுகமாக உட்கார்ந்துகொண்டன.

"இனி வராதுட்டி" என்றாள் அக்கா.

அந்தக் கேசட்டைக் கேட்டவள் நான் ஒருத்திதான், பதியும்போது ஹெட்ஃபோனில். வாளித் தண்ணீர் உறைந்ததைச் சொன்னீர்கள். ரொட்டி கருகியதைச் சொன்னீர்கள். இருமினீர்கள். பிறகு, "ஏட்டி, நீ செத்த வெளிய போ. உங்கம்மாகிட்ட பேசணும்" என்றீர்கள்.

நான் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டேன் அப்பா. நாடா அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னதையும் சொல்வேன். வாளி, ரொட்டி, இருமல், எதையும் விடமாட்டேன். அந்த இடம் வந்ததும் நீங்கள் சொன்னபடி வெளியே போய்விடுவேன்.