இரண்டு உதறல்

அன்புள்ள அம்மா,

எப்படி இருக்கிறாய்? முட்டி வலிக்கு மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

கண்காட்சியில் எங்கள் கம்பெனி ரோபோ சட்டை மடித்துக் காட்டுகிறது. ஆறு மாதமாக அதன் கையைப் பிடித்துப் பழக்கியது நான்தான். மடிக்கும் முன் நீ துணியை இரண்டு தடவை உதறுவாயே, என் கைக்கும் அதே பழக்கம். அதுவும் அப்படியே பிடித்துக்கொண்டது. நேற்று முதல்முறையாகக் குழந்தைச் சட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். யாரும் சொல்லித்தராமலே அளவுக்குத் தகுந்தபடி கையைச் சுருக்கி, இரண்டு தடவை உதறி, மடித்து வைத்தது. ஒரே கைதட்டல்.

"எதுக்குங்க உதறுது?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏ.ஐ. தானா கண்டுபிடிச்சதுங்க," என்றார் எங்கள் இன்ஜினியர்.

"எங்கம்மா உதறல்ங்க அது!" என்று வாய் வரை வந்தது.

பிறகு இன்ஜினியர் என் தோளைத் தட்டி, "இனிமே அதுவே பழகிக்கும் தம்பி. கண்காட்சி முடிஞ்சதும் நீ கிளம்பலாம்," என்றார். என் சோற்றில் நானே மண்ணைப் போட்டிருக்கிறேன்.

கவலைப்படாதே, வேறு வேலை தேடுகிறேன். காலேஜைப் பாதியில் விட்டவனை எவன் கூப்பிடுவான் என்று அப்பா கேட்பார். எனக்கும் தெரியவில்லை.

நீ துணி மடிப்பதை அக்கா போனில் வீடியோ எடுத்து அனுப்பு. வேலைக்கு இல்லை, சும்மா பார்க்கத்தான்.

கண்காட்சிக் கதவைத் திறந்துவிட்டார்கள். அது உதற ஆரம்பித்துவிட்டது. போகிறேன்.

உன் மகன்