தினம் ஒரு தெரியாத பாட்டு

பெருமுக்கல்,
வெள்ளிக்கிழமை காலை.

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டுக்கொண்டு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை சேரனும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் எங்களுக்கு முதல் கவலை. போன் இருக்கும்போது அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ பேசுவது எனக்குப் பாதிதான் எட்டுகிறது, மீதிக்கெல்லாம் சரிம்மா, சரிம்மா என்று சொல்லி ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிறு நீ மைக் செட்டை விற்றுவிடச் சொன்னதற்கும் அப்படியே சரிம்மா என்று சொல்லி வைத்திருக்கிறேன். போனை வைத்த பிறகு அம்மா சொல்லித்தான் என்ன சங்கதி என்றே தெரிந்தது. அந்தச் சரி செல்லாது, வாணி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதி முடித்ததும் போட்டோ பிடித்து அனுப்புகிறேன், எழுத்து புரியாவிட்டால் பெரிசு பண்ணிப் படித்துக்கொள்.

மல்லாட்டை பிடுங்கி, கடலையைக் காயவைத்தாகிவிட்டது. நடுவில் ஒரு மழை வந்து பேஜார் பண்ணியது, தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நானும் அம்மாவும் ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடேரி. மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா? நீ நைட் டியூட்டி முடித்து வரும்போது காதை மூடிக் குல்லா போட்டுக்கொள். அப்புறம், தூங்கும்போது காதில் அந்தக் குட்டி ஸ்பீக்கரை மாட்டிக்கொண்டு தூங்குகிறாய் என்று கேள்விப்பட்டேன். அது வேண்டாம். நர்சுக்கு அப்பா புத்தி சொல்கிறாரே என்று சிரிக்காதே, அனுபவித்தவன் சொல்கிறேன்.

கார்த்திகையில் நான் விழுப்புரத்தில் காது டாக்டரைப் பார்த்தது உனக்குத் தெரியும். ஆனால் அங்கே என்ன சொன்னார்கள் என்று உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. வாலிப வயசிலிருந்து குழாய் ஸ்பீக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததில் வலது காதில் கீச்சுச் சத்தமெல்லாம் போய்விட்டது, இடதும் அதே வழியில் கிளம்பிவிட்டது, மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றார் அந்த டாக்டரம்மா. நான் பிடி கொடுக்கவில்லை. காதில் மெஷினோடு மைக் செட்டுக்காரன் போய் நின்றால் எவன் கூப்பிடுவான்? அப்படின்னா தினமும் சத்தமில்லாத எடத்துல ஒக்காந்து சின்ன சவுண்டுல ஒரு பாட்டு கேளுங்க, எது கேக்குது எது கேக்கலன்னு கவனிச்சுக்கினே வாங்க, என்று சொல்லி அனுப்பினார்.

மத்தியானம் கரண்டு போகிற நேரத்தில் நம் கொல்லை மோட்டார் கொட்டகையில் காக்கா சத்தம் கூட இருக்காது. பேட்டரியில் ஓடுகிற சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தேன். சினிமாப் பாட்டாகப் போட்டுப் பார்த்தால் எல்லாம் கணீரென்று கேட்கிறது. டாக்டரம்மாவே தப்பு என்று ஜாலியாக இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பாட்டெல்லாம் கல்யாணத்துக்குக் கல்யாணம் போட்டு எனக்குத் தலைகீழாகத் தெரியும், பெட்டியை அணைத்தாலும் உள்ளே ஓடும். காது கேட்கிறதா ஞாபகம் கேட்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு ஒரு வரி கூடத் தெரியாத பாட்டாக இருக்க வேண்டும். அப்படி எது இருக்கிறது என்று பார்த்தால் கர்நாடகக் கச்சேரிதான். டிவியில் குறுக்கே வந்தாலே மாற்றிவிடுகிற ஆள் நான். ஒரு தரம் கேட்டுவிட்டால் அதுவும் தெரிந்த பாட்டு ஆகிவிடும் என்பதால் தினம் ஒன்று, புதுசு, அதற்கு மேல் கிடையாது என்று முடிவு பண்ணிக்கொண்டேன்.

முதல் நாள் கேட்ட பாட்டில் பாடகி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார். பழைய தட்டில் கீறல் விழுந்தால் ஊசி நின்ற இடத்திலேயே சுற்றுமே, அந்த மாதிரி பாட்டு மாட்டிக்கொண்டது என்று நினைத்துப் பெட்டியை இரண்டு தட்டுத் தட்டினேன். அது தொலையட்டும், பின்னால் ஒரு ஹம் வேறு. எர்த் சரியில்லாவிட்டால் ஆம்ப்ளியில் ங்ஙொய் என்று வருமே, அதேதான். வயரை மாற்றினேன், போகவில்லை. அடுத்த நாள் வேறு கச்சேரி போட்டாலும் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் போய் ரிப்பேர்க்கடை இருதயராஜிடம் கொடுத்தேன். அவனும் அக்கு அக்காகப் பிரித்துப் போட்டுப் பார்த்து, பொட்டியில ஒரு கோளாறும் இல்லண்ணே என்று தலையைச் சொறிந்தான். சாப்பாடு கொண்டுவந்த அவன் பெண்சாதி ஜெசிந்தா, சர்ச்சில் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறதே அந்தப் பெண், ஒரு நிமிஷம் நின்று கேட்டது. கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அய்யோ அண்ணா, அது தம்புரா, பாடறவங்களுக்கு சுருதி வோணாமா, அது பாட்டுக்கு கூடவே ஓடிக்கினு இருக்கும், அத்தப் போயி ரிப்பேர்னு ரெண்டு பேரும் மண்டைய ஒடைச்சிக்கினு இருக்கீங்களே என்றது. எத்தனை மேடைக்கு மைக் வைத்தவன் நான், எனக்கு அது சுருதி என்று தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

ஆனால் விடவில்லை. காதுக்கு மருந்து என்று ஆரம்பித்தது, தை பிறந்தபோது மத்தியானம் எப்போது வரும் என்று இருந்தது. அந்த ஒரே வரி இருக்கிறதே, அது மாட்டிக்கொண்டதில்லை. ஒவ்வொரு தடவையும் வேறு வழியில் போய் அதே வீட்டுக்குத் திரும்புகிறார்கள். தோடி என்று ஒரு ராகம், அதைக் கேட்ட அன்றைக்கு எனக்குக் கஞ்சி இறங்கவில்லை, நெஞ்சு அப்படியே நிறைந்துவிட்டது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கொட்டகைக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, வேல தலைக்கு மேல கெடக்குது, ஐயா பாட்டு கேட்டுக்கினு ஒக்காந்திருக்காரு என்று ஒரு பாட்டம் திட்டுவாள். திட்டிவிட்டுப் போகவும் மாட்டாள், தூக்குச் சட்டிக்காகக் காத்திருக்கிறவள் மாதிரி என் வலது பக்கம் உட்கார்ந்து மாட்டுக்குப் புல்லை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

ஒரு நாள் போனில், வீடியோவில் வயலின்காரர் வாசிப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். மேலே மேலே போனார். ஒரு இடத்துக்கு மேல் வில் போகிறது, வருகிறது, விரல் ஆடுகிறது, எதிரே இருக்கிறவர் ஆகா என்று தலையை ஆட்டுகிறார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நான் பயந்தது உண்மை, வாணி. கிடைத்தது இப்போதுதான், அதற்குள் போகப் போகிறதா என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதாவது மெஷினுக்கு ஓடியிருக்கலாம், வீம்பு விடவில்லை.

பிரம்மதேசத்தில் ஜெகதீசன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சியபோது நடந்த கூத்தை அம்மா உனக்கு அவள் வழியில் சொல்லியிருப்பாள், நடந்ததை நான் சொல்கிறேன். விடியற்காலை, தென்னை மரத்தில் குழாய் கட்டி, முறைப்படி பிள்ளையார் பாட்டுப் போட்டேன். அடுத்தது வழக்கமாக அம்மன் பாட்டு. எனக்குத்தான் ஆசை கேட்கவில்லை, இவ்வளவு நல்ல வீட்டுக்கு நல்லதாக ஒன்று போடலாம் என்று முந்தின நாள் கேட்ட வீணையைப் போட்டுவிட்டேன். பாட்டுக் கிடையாது, தாளம் கிடையாது, வெறும் வீணை, ராகம் மட்டும் மெதுவாக. தலைவர் யாராவது போய்விட்டால் ரேடியோவிலும் டிவியிலும் நாள் முழுக்க என்ன ஓடும்? ஊர் அந்த வீணையை அப்படித்தான் கேட்டது. டீக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். கட்சிக்காரர் ஒருத்தர் கொடியைப் பாதிக்கு இறக்கப் போய்விட்டார். எதிர் வீட்டுப் பாஞ்சாலி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, அடி யாருடி போயிட்டாங்க, எப்படி இருந்த மனுசனோ என்று ஓடி வந்திருக்கிறாள், யார் என்று தெரியாமலே. ஜெகதீசன் பால் பொங்குகிற பானையை விட்டுவிட்டு என் பின்னால் வந்து நின்று, யோவ் நிறுத்துய்யா, புது வூட்ல எழவு சங்கீதம் போட்டுக்கினு இருக்கியே என்று கத்தியிருக்கிறார். ஒரு தடவை இல்லை. எனக்குக் கேட்கவே இல்லை. கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தோளைப் பிடித்து உலுக்கியபோதுதான் திரும்பினேன், ஊரே நிற்கிறது. ஜெகதீசன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் போய்விட்டிருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காது போன ஆளுக்கு எதுக்குய்யா மைக் செட்டு என்று தணிந்த குரலில் சொன்னார். அவர் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்த வாரமே, எனக்குச் சொல்லியிருந்த வானூர் கல்யாணக்காரர்கள் வேறு செட்டு சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அம்மா உன்னிடம் அழுததும், நீ விற்கச் சொன்னதும்.

நான் விற்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை அம்மா எனக்குச் சொன்னாள் இல்லையா, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் விழுப்புரம் போய் மெஷின் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டு காதுக்கும். அம்மாவும் கூட வந்தாள். மெஷின் பொருத்துகிற பெண் பெயர் ஆர்த்தி, உன் வயசுதான் இருக்கும், மொத மொத எல்லாமே கூச்சலா இருக்கும் சார், கழட்டி டப்பாவுல போட்டுடாதீங்க என்று மிரட்டி அனுப்பியது. அது சொன்ன மாதிரியே பஸ் ஸ்டாண்டில் தலை வெடித்துவிடும் போலிருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கழற்றாமல் திண்டிவனம் வரைக்கும் வந்துவிட்டேன். போனை மட்டும் கிட்டே கொண்டுபோனால் கீச்சென்கிறது, அதையும் அந்தப் பெண் சரிபண்ணித் தருகிறதாம். குழாய்களை மரத்திலிருந்தும் பரணிலிருந்தும் இறக்கியாகிவிட்டது, இனி அவை ஏறாது. பெட்டி ஸ்பீக்கர் போதும், பந்தலுக்குள் கேட்டால் போதும், பக்கத்து ஊரை எழுப்ப வேண்டியதில்லை.

புதன்கிழமை மெஷினை மாட்டிக்கொண்டு நானே ஜெகதீசன் வீட்டுக்குப் போனேன். தலையை இப்படியும் அப்படியும் திருப்பி இரண்டு காதையும் காட்டினேன். வைகாசியில் அவர் பேரனுக்கு நம் மலைக் கோயிலில் காது குத்து, அதை எனக்குக் கொடுங்கள், சத்தம் பிடிக்கவில்லை என்றால் பின்னால் நின்று மெதுவாகச் சொல்லுங்கள், நான் திரும்பவில்லை என்றால் அப்போது என் செட்டை விற்கிறேன் என்றேன். அவர் கிட்டே வந்து மெஷினைப் பார்த்துவிட்டு, வீணை மட்டும் வோணாய்யா, வேற எத்த வோணா போட்டுக்க என்றார். சரி என்றேன், இந்தத் தடவை கேட்டுத்தான் சொன்னேன். நாதஸ்வரம் இருக்கிறது, தாளம் தட்டுகிற நல்ல உருப்படிகள் இருக்கின்றன. சினிமாப் பாட்டுக்கு நடுவே ஒன்றே ஒன்று போடுவேன். விசேஷத்துக்கு ஒன்று. ஊர் பழகும், நான் பழகவில்லையா? வீணைக்கும் ஒரு நாள் வரும், அவசரமில்லை.

இப்போது உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். நேற்று மத்தியானம் கொட்டகையில் பாட்டு முடிந்து பெட்டியை அணைத்துவிட்டேன், ஆனால் பாட்டு நிற்கவில்லை. மெஷின்தான் கோளாறு என்று காதில் கை வைத்துவிட்டேன். அப்புறம் மெதுவாகத் திரும்பினால், தொட்டி ஓரம் அம்மா தூக்குச் சட்டியைக் கழுவிக்கொண்டு பாடுகிறாள். அன்றைய பாட்டு இல்லை. முதல் நாள் நான் தட்டு மாட்டிக்கொண்டது என்று நினைத்தேனே, அந்த வரி. ஒரு தடவை பாடுகிறாள், வேறு மாதிரி வளைத்து இன்னொரு தடவை பாடுகிறாள், வயலின் எனக்குக் காணாமல் போன உயரத்துக்குக் கூடக் குரலை மெல்லிசாக ஏற்றி இறக்குகிறாள். அவ்வளவும் எனக்குக் கேட்டது, வாணி. இத்தனை மாசமும் காது போன என் வலது பக்கம் உட்கார்ந்து பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதற்கு முன்னால் எத்தனை வருஷம் என்ன பாடினாளோ, எனக்குத் தெரியாது. அவள் நிமிர்வதற்குள் நான் திரும்பிக்கொண்டு, பெட்டியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

குலதெய்வம் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்கட்டும், நல்லபடியாக இருங்கள். மறக்காமல் குல்லா போட்டுக்கொள். செட்டைப் பற்றி இனிமேல் பேச்சு வேண்டாம், நாலு பெட்டியிலும் யார் பேர் எழுதியிருக்கிறது என்று உனக்கே தெரியும். அம்மாவிடம் பேசும்போது மட்டும் நான் கேட்டதைச் சொல்லிவிடாதே, தெரிந்தால் வெட்கப்பட்டு நிறுத்திவிடுவாள்.

உன் அப்பா,
மு. அரங்கநாதன்,
இசைவாணி சவுண்ட் சர்வீஸ்.