பாலம் வரை

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் பேசினால் யாராவது ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் ஓடுகிறீர்களாமே? அண்ணனோடு ஓடியவர் ஒருவர் நேற்று மருந்துக்கடைக்கு வந்தார். “உங்க அண்ணி தினமும் வர்றாங்க, நல்லா ஓடுறாங்க” என்றார். மாத்திரை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது.

போன கோடையில் அண்ணன் பாலத்தருகே சுருண்டு விழுந்து இறந்தது இந்த ஓட்டத்தால்தானே? அம்மாவிடம் நான் சொல்லவில்லை. உங்கள் பேச்சை எடுத்தாலே எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

நிறுத்திவிடுங்கள், அண்ணி.

சின்னு

ஏப்ரல் 29

அன்புள்ள சின்னுவுக்கு,

திட்டுவதற்காவது எழுதினாயே, சந்தோஷம்.

பந்தய ஆசை எனக்கில்லை. நாள் முழுக்க சலவைக்கூடத்தில் நீராவி இஸ்திரி முன்னால் நிற்கிறவளுக்கு அனல் புதிதுமல்ல. விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுகிறேன். முதலில் நடை, பிறகு ஓட்டம், தாகம் எடுக்குமுன்பே தண்ணீர். எல்லாம் உன் அண்ணன் ஊருக்குச் சொன்ன பாடம்தான். தனக்கு மட்டும் சொல்லிக்கொள்ளமாட்டார்.

அன்று சாவு வீட்டில் அத்தை எல்லார் முன்னாலும் கேட்டார்களே, “கதவைத் தாழ் போட உனக்குக் கை வரலையாடி?” என்று. ஓடும்போது மட்டும் அந்தக் குரல் கொஞ்சம் தள்ளிக் கேட்கிறது. அதனால் ஓடுகிறேன்.

அண்ணி

மே 7

அண்ணிக்கு,

தண்ணீரில் கலந்து குடிக்க உப்புச் சர்க்கரைப் பொடி அனுப்பியிருக்கிறேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அம்மா கேட்டது என் மனதிலும் இருக்கிறது. அண்ணன் விழுந்த அன்று ஞாயிறு. நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

சின்னு

மே 15

அன்புள்ள சின்னுவுக்கு,

சொன்னேன். “இந்த வெயில்ல வேணாங்க, சாயங்காலம் போங்க” என்றேன். “பந்தயத்தன்னைக்கு வெயில் என்ன லீவா போடும்?” என்று சிரித்துக்கொண்டே ஷூ லேஸைக் கட்டினார்.

நேற்று ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. அவர் கிளம்பிய அதே உச்சி வேளையில், அதே சாலையில் ஓடினேன். அவர் விழுந்த இடம் வரை போய்ப் பார்த்துவிட நினைத்தேன். பாலம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வியர்வை நின்றுபோனது. அந்தக் கொதிப்பில் குளிர்காய்ச்சல் போல உடம்பு சிலிர்த்தது. கால் என் சொல் கேட்கவில்லை. ஒரு சைக்கிள் கடை நிழலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் மனைவி பிடரியில் தண்ணீர் ஊற்றி, “எழுந்திருக்காதம்மா. யாரு துரத்துறாங்கன்னு இந்த ஓட்டம்?” என்று அதட்டினார். அப்போதுதான் அழுதேன், ஒரு வருஷத்துக்கும் சேர்த்து. அவர்களே வண்டியில் கொண்டுவந்து வீட்டில் விட்டார்கள்.

சின்னு, அவருக்கும் உடம்பு சொல்லியிருக்கும். அதே கடை, அதே நிழல் அங்கே இருந்தது. அவர் உட்காரவில்லை. நான் தாழ் போட்டிருந்தால் அன்றைக்கு நின்றிருப்பார். மறுநாள்? அவர்மேல் பழி போடவில்லை. ஆனால் இனி என்மேலும் போட்டுக்கொள்ள முடியாது.

பதில் எழுத மனமில்லை என்றால் விட்டுவிடு. தவறாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அண்ணி

மே 23

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போகவில்லை. சைக்கிள் கடை வந்ததும், “அந்த இடத்தை இன்னொரு தடவை படி” என்றாள். பிறகு கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவினாள்.

“அவனுக்கு நிக்கத் தெரியாதுடி,” என்றாள். “சின்னப் புள்ளையிலேயே காய்ச்சலோட விளையாட ஓடுவான். நான் கதவைச் சாத்தினா ஜன்னல் வழியா குதிச்சுப் போவான்.” முகத்தைத் துடைத்துக்கொண்டே, “அவகிட்டப் போய் அப்படிக் கேட்டுட்டேனே” என்றாள்.

நானும்தான் கேட்டேன். மன்னிப்பு என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அதை நேரில்தான் சொல்ல வேண்டும்.

இதை மடிக்கப் போகையில் அம்மா வந்து நின்றாள். “ஞாயித்துக்கிழமை அவளை வரச் சொல்லு” என்றாள். உள்ளே போனவள், அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்:

“வெயில் தாழ வரச் சொல்லு.”

சின்னு